அனுப்பிய மெயில் எங்கே நின்றது? கம்பெனி மெயில் சர்வரில் தேடும் முறை

[திரை: மெயில் ஆப். சென்ட் ஃபோல்டர் திறந்திருக்கிறது.]

வணக்கம். "மெயில் அனுப்பிட்டேன் சார், சென்ட்ல இருக்கு பாருங்க. ஆனா அவங்களுக்கு வரலையாம்." மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இந்தப் புகார் பழக்கமானது. சென்ட் ஃபோல்டர் இதற்குச் சாட்சியே இல்லை. மெயில் ஆப் நம் சர்வரிடம் மெயிலைக் கொடுத்துவிட்டு, ஒரு நகலை அந்த ஃபோல்டரில் போட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது.

உடனே சர்வரை ரீஸ்டார்ட் செய்யக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். கியூவில், அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் நிற்கும் மெயில்கள் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்தாலும் அதே காரணத்துக்காக அங்கேயே நிற்கும். நடுவில் நமக்குத்தான் நேரம் போகும்.

முதலில் புகார் சொன்னவரிடமே கேளுங்கள். யாருக்கு அனுப்பினார், எத்தனை மணிக்கு, மற்றவர்களுக்குப் போகிறதா, இல்லை யாருக்குமே போகவில்லையா. யாருக்குமே போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் நம் பக்கம். ஒரே ஒரு டொமைனுக்கு (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) மட்டும் போகவில்லை என்றால், அந்தப் பக்கத்து சர்வர் ஏதோ சொல்லியிருக்கிறது. அது என்ன என்று பார்க்க வேண்டும்.

[திரை: டெர்மினல். லாக் ஓடுகிறது.]

நான் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் சாஃப்ட்வேரை வைத்துக் காட்டுகிறேன். உங்களிடம் எக்ஸிமோ எக்ஸ்சேஞ்சோ இருந்தால் கமாண்ட் மாறும். எதிர் சர்வர் சொல்லும் பதில் மாறாது. சர்வர் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் ஃபைலின் பெயர், டெபியன், உபுண்டு என்றால் மெயில் டாட் லாக். ரெட்ஹாட் குடும்பத்தில் மெயில்லாக். சில புதிய சர்வர்களில் இந்த ஃபைலே இருக்காது, சிஸ்டத்தின் பொது லாகான ஜர்னலில் தேட வேண்டும். பெறுநரின் முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள், ஒரு நீண்ட வரி வரும்.

[திரை: ஒரே வரி பெரிதாகிறது. "ரிலே" என்ற இடம் மஞ்சளாகிறது.]

எல்லோருடைய கண்ணும் வரியின் கடைசியில் இருக்கும் ஸ்டேட்டஸுக்குத்தான் போகும். சென்ட் (கொடுத்தாயிற்று), டிஃபர்ட் (பிறகு முயலும்), பவுன்ஸ்ட் (திரும்பிவிட்டது), இந்த மூன்றில் ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் "ரிலே" என்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் படியுங்கள். மெயிலை யாரிடம் கொடுக்கப் போனோம் என்பது அங்கேதான் இருக்கிறது. இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இந்த ரிலேதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்டேட்டஸ் சென்ட் என்று இருக்கும், ரிலேயில் 127.0.0.1, போர்ட் 10024 என்று இருக்கும். "போயிடுச்சே" என்று மூடிவிடத் தோன்றும். ஆனால் அது நம் சர்வருக்குள்ளேயே இருக்கும் ஸ்பாம் ஃபில்டர். மெயில் இன்னும் வாசலையே தாண்டவில்லை. ஃபில்டர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது வேறு ஒரு கியூ ஐடி, அதாவது வரிசையில் அந்த மெயிலின் அடையாளம் கிடைக்கும்; அதைப் பிடித்துத்தான் மேலே தேட வேண்டும்.

இன்னொன்று இதைவிட வில்லங்கமானது. ரிலேயில் "லோக்கல்" என்று இருக்கும், ஸ்டேட்டஸ் சென்ட். கம்பெனி மெயிலை வேறு சேவைக்கு மாற்றியிருப்பார்கள், டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் மாறியிருக்கும். ஆனால் பழைய சர்வரில் வெப்சைட்டோ பில்லிங் சாஃப்ட்வேரோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த சர்வரின் செட்டிங்கில் நம் டொமைன் இன்னும் "என்னுடையது" என்றே எழுதியிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் அதற்குப் பெயர் மைடெஸ்டினேஷன். அங்கிருந்து நம் ஊழியர்களுக்குப் போகும் மெயில் எம்எக்ஸைத் தேடிப் போகவே போகாது. யாரும் திறக்காத பழைய மெயில்பாக்ஸில் போய் விழும். பவுன்ஸும் வராது, கியூவிலும் எதுவும் நிற்காது. வெளியாட்களுக்கு மட்டும் ஒழுங்காகப் போகும். "ஊருக்கெல்லாம் போகுது, நம்ம ஆளுங்களுக்கு மட்டும் போகல" என்ற புகார் வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

[திரை: ரிலே = நன். ஸ்டேட்டஸ் = டிஃபர்ட்.]

அடுத்து, ரிலேயில் "நன்". எந்த சர்வரோடும் நம்மால் பேசவே முடியவில்லை என்று அர்த்தம். பக்கத்திலேயே காரணம் இருக்கும். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறேன் என்று எல்லா டொமைனுக்கும் வந்தால், பெயருக்கு முகவரி தேடித் தர சர்வர் நம்பியிருக்கும் டிஎன்எஸ் பழுதாகியிருக்கிறது. "கனெக்ஷன் டைம்ட் அவுட்" என்று எல்லா டொமைனுக்கும் வந்தால், மெயில் வெளியே போகும் வழியான போர்ட் 25ஐ யாரோ அடைத்திருக்கிறார்கள். நம் ஃபயர்வாலாக இருக்கலாம். கிளவுட் சர்வர் என்றால் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே பல கணக்குகளில் இந்தப் போர்ட்டை முன்கூட்டியே அடைத்துத்தான் தருகிறார்கள். சரிபார்க்க, சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்தே ஜிமெயிலின் எம்எக்ஸுக்கு போர்ட் 25இல் டெல்நெட் கமாண்ட் போட்டு, இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து போடாதீர்கள். பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்பில் இதே போர்ட்டை அடைப்பதால் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

[திரை: 4 ஒரு பக்கம், 5 ஒரு பக்கம்.]

இப்போது எதிர் சர்வர் பேசியிருக்கிறது. அது சொன்ன எண்ணின் முதல் இலக்கம் 4 என்றால் "இப்போது முடியாது, பிறகு வா". 5 என்றால் "வரவே வராதே".

4இல் தொடங்கும் 450, 451 பெரும்பாலும் கிரேலிஸ்டிங்காக இருக்கும். தெரியாத அனுப்புநரை முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டு, சில நிமிடம் கழித்து வந்தால் ஏற்றுக்கொள்ளும். இதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. கியூவை ஃபிளஷ் செய்துகொண்டே, அதாவது நிற்பதையெல்லாம் உடனே அனுப்பச் சொல்லிக்கொண்டே இருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வர்களிடம் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

ஆனால் இங்கே ஒரு சங்கதி உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 5 நாள் வரை முயன்றுகொண்டிருக்கும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. திங்கள் அனுப்பிய டெண்டர் மெயில் போகவில்லை என்று சனிக்கிழமை தெரியவரும். டிலே வார்னிங் டைம் என்ற செட்டிங்கை 4 மணி நேரம் என்று வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், எல்லா ஆபீஸ் சர்வரிலும் முதல் நாளே போட வேண்டியது இது.

5இல் தொடங்குவதில் நடுவில் புள்ளி வைத்த எண்ணைப் பாருங்கள். 5.1.1 என்றால் அந்த முகவரியே இல்லை, எழுத்துப் பிழையாக இருக்கலாம். 5.2.2 பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 மெயில் பெரிது. இணைக்கும் ஃபைல் மெயிலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். அதனால் 20 எம்பி ஃபைல்கூட 25 எம்பி வரம்பைத் தாண்டிவிடும்.

[திரை: 5.7]

5.7 வந்தால்தான் வேலை அதிகம். "உன்னை நம்பவில்லை" என்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) ஒன்றாவது தேற வேண்டும், ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) இருக்க வேண்டும்.

எஸ்பிஎஃப் பெரும்பாலும் பேராசையால் கெடுகிறது. மார்க்கெட்டிங் ஒரு சேவை வாங்கும், எச்ஆர் இன்னொன்று வாங்கும், ஒவ்வொன்றும் தன் பட்டியலையும் தேடிப் படிக்க வைக்கும் ஒரு இன்க்ளூட் சேர்க்கச் சொல்லும். டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டினால் மொத்த ரெக்கார்டும் செல்லாது. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரி இருந்தாலும் அதே கதி.

நேற்றுவரை போன மெயில் இன்று ஜிமெயிலுக்கு மட்டும் 5.7 வாங்குகிறதா? லாகில் எதிர் சர்வரின் ஐபி ஐபிவி6 (புதிய வகை, நீளமான ஐபி) முகவரியா என்று பாருங்கள். சர்வருக்கு ஐபிவி6 புதிதாகக் கிடைத்திருக்கும், அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். வைக்க முடியாவிட்டால், ஐபிவி4 மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பதிலில், ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற பெயர் வந்தால் நம் ஐபி பிளாக்லிஸ்டில் இருக்கிறது. நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள். யாரோ ஒருவரின் பாஸ்வேர்ட் திருடு போயிருக்கும். லாகில் எந்த லாகின் பெயர் ஆயிரக்கணக்கில் அனுப்புகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை அடைக்காமல் விண்ணப்பித்தால் மறுபடியும் உள்ளேதான்.

[திரை: 250]

சில சமயம் எல்லாம் சரியாக இருக்கும். ரிலேயில் எதிர் சர்வரின் பெயர், பதில் 250. அது கையெழுத்து வாங்கிய ரசீது மாதிரி. மெயிலின் பொறுப்பு அவர்களிடம் போய்விட்டது. இன்பாக்ஸுக்குப் போனதா, குவாரண்டைனில் கிடக்கிறதா என்பது அவர்களுக்கே தெரியும். "நாங்க அனுப்பிட்டோம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஐடி ஆள் தேட மாட்டார். நேரம், டைம் ஸோன், அவர்கள் சர்வரின் பெயர், 250க்குப் பின்னால் அது கொடுத்த ஐடி, இவற்றை அப்படியே கொடுங்கள். அந்த ஐடி அவர்கள் சர்வர் தந்தது, அவர்களால் தேட முடியும்.

[திரை: கியூ பட்டியல்.]

பிரச்சினையைச் சரிசெய்த பிறகு கியூவை ஒரு முறை ஃபிளஷ் செய்யலாம். அதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். மூன்று நாளாக நின்ற மெயில்களில் நேற்று முடிந்த மீட்டிங்கின் அழைப்பு இருக்கும், பயனர் காத்திருந்து அலுத்து மறுபடி அனுப்பிய அதே இன்வாய்ஸ் இரண்டு, மூன்று இருக்கும். அனுப்பியவரிடம் கேட்டு, வேண்டாததை அழித்துவிட்டு ஃபிளஷ் கொடுங்கள்.