ஆயில் மாற்றிய மறுநாள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம், உசிலம்பட்டியில் என் மகள் வீட்டில் பேத்திக்குக் காதணி விழா. தாய்மாமன் சீர் கொண்டுபோகும் பயணத்தில் எந்தத் தடங்கலும் வந்துவிடக் கூடாது என்று, விழாவுக்கு முதல் நாளே காரை, அதை வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் விட்டு, எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றி எடுத்து வந்தேன். விடியற்காலையில் சீர்த்தட்டுகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். காளவாசல் தாண்டி, நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி, பல்கலைக்கழக வாசலையும் கடந்து செக்கானூரணியை நெருங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "ஏங்க, சிவப்பா என்னமோ எரியுதே" என்றார். எண்ணெய்க் கிண்டியைப் போன்ற வடிவில் இருக்கும் அந்தச் சிறிய விளக்கைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை உருளவிட்டே சாலையோரத்தில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த வழியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தார்ச்சாலையின்மேல் ஈரமாக ஒரு கோடு நீண்டிருந்தது.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவின் பயிற்றுநராக இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் செக்கானூரணியில் பட்டறை வைத்திருக்கிறார். தொலைபேசியில் சொன்னதும் கருவிகளோடு வந்து, காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஃபில்டர் இருக்கும் இடத்திலிருந்துதான் எண்ணெய் வந்திருந்தது. கழற்றுவதற்கு முன்பும் கழற்றும்போதும் கழற்றிய பின்பும் அவரைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். ஃபில்டர் கையோடு வந்தது. அதன் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் அதில் இருந்தது. எஞ்சினில் ஃபில்டர் பொருந்தும் முகத்திலோ இன்னொரு ரப்பர் வளையம், கறுத்துத் தட்டையாகி, ஒரு பக்கம் பிதுங்கியபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "சார், முதல் வருஷமே நீங்க சொல்லிக் கொடுத்தது" என்றார்.

நடந்தது இதுதான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது, சூட்டில் இறுகிப்போன அதன் வளையம் சில சமயம் ஃபில்டரோடு வராமல் எஞ்சினிலேயே தங்கிவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மேலே பூட்டினால், ஒரு வளையம் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு உட்காரும். முறுக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் கைக்குத் தோன்றும். பட்டறைக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தாலும், வீடு வரை மெதுவாக ஓட்டிச் சென்றாலும் அது தாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் வேகம் கூடி, ஆயில் பம்பின் அழுத்தம் ஏறும்போது பழைய வளையம் பிதுங்கி வெளியே வரும். அதன்பின் எஞ்சினில் உள்ள எண்ணெய் முழுவதும் சாலைக்கு வந்துவிடச் சில நிமிடங்கள் போதும். எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன்கூட இராது. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் இருக்கும் வரைதான் உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருக்கிறது. படலம் அறுந்தால் எஞ்சின் ஜாம் ஆகிவிடும். சில நூறு ரூபாய் ஃபில்டரில் வந்த தவறு, லட்ச ரூபாயைத் தொடும் செலவில் போய் நிற்கும்.

இதைத் தவிர்க்க ஒரு துணித் துண்டு போதும். ஃபில்டரைக் கழற்றியதும் எஞ்சினின் முகத்தைத் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, புது வளையத்தின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கையால் முறுக்கி, ரப்பர் தொட்ட பிறகு ஏறத்தாழ முக்கால் சுற்று இறுக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "வழியில கல்லு ஏதாவது அடிச்சிருக்கும் சார்" என்ற பதில்தான் முதலில் கிடைத்தது. படங்களை அனுப்பிய பிறகு குரல் மாறியது. எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் பணத்தைத் திருப்பித் தந்து, எஞ்சினைச் சோதித்து, பாதிப்பு இல்லை என்று எழுத்திலும் கொடுத்தார்கள். விளக்கு எரிந்த அந்த நொடியிலேயே அணைத்ததால்தான் எஞ்சின் தப்பியது. ஒரே ஒரு நிறுவனத்தின் குறையாக இது இருந்திருந்தால், இங்கே வந்து பேசியிருக்க மாட்டேன். இதே தவறு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிறுவனங்களின் பலகைகளின் கீழ் நடப்பதை என் மாணவர்கள் வாயிலாகப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

பிறகு அந்த ஃபில்டரை மாற்றிய தம்பியையும் பார்த்தேன். பத்தொன்பது வயது இருக்கும். அன்று ஒரே நாளில் பதினொரு வண்டிகளுக்கு ஆயில் மாற்றியதாகச் சொன்னான். கிளட்ச், கியர் பாக்ஸ் வேலைகளுக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கை நிறுத்துகிறார்கள். ஆயில் மாற்றுவது எளிய வேலை என்பதால், போன மாதம் சேர்ந்த ஹெல்பரிடம் கொடுக்கிறார்கள். எளிய வேலை என்பதாலேயே ஃபோர்மேன் மறுபடி பார்ப்பதில்லை. செய்த வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போடுகிறவர் காருக்கு அடியில் குனிந்திருக்க மாட்டார். வாடிக்கையாளரோ கண்ணாடிச் சுவருக்கு அப்பால், குளிரூட்டப்பட்ட அறையில், காப்பிக் கோப்பையோடு உட்காரவைக்கப்படுகிறார். வேலை செய்யும் கைக்கும் வண்டிக்குச் சொந்தக்காரருக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டு, தவறு நேரும்போது அந்தத் தம்பியின் சம்பளத்தில் கைவைப்பது நியாயம் இல்லை. அவன் என் மாணவனாக இருந்திருக்கக் கூடியவன். எத்தனை வண்டி, எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுகிற நிர்வாகம்தான் இந்தத் தவறுக்குப் பொறுப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தக் கணக்கின் இன்னொரு முகம் பில்லில் தெரியும். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அடிப்பாகப் பூச்சு, ஆயிலில் கலக்கும் தனி மருந்து என்று சர்வீஸ் சென்டரின் அட்வைசர் நீட்டும் பட்டியலை, காரோடு கொடுக்கப்பட்ட கையேட்டின் பராமரிப்பு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணையில் இல்லாதது எதுவாக இருந்தாலும், "இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஆயிலின் அளவையும் பாருங்கள். கையேட்டில் மூன்று லிட்டர் சொச்சம் என்று இருக்க, பில்லில் நான்கு லிட்டர் இருந்தால், மிச்சம் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மிச்சத்தையும் எஞ்சினுக்குள்ளேயே ஊற்றியிருந்தால், அது அதைவிடக் கெடுதல். அளவுக்கு மேல் நிற்கும் எண்ணெயைச் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். நுரை கலந்த எண்ணெயால் பேரிங்கைத் தாங்க முடியாது.

வாகனம் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நிக்கும்" என்று சொல்லி, 0டபிள்யூ-20 கேட்கும் புதிய எஞ்சினில் 20டபிள்யூ-40 ஊற்றும் வழக்கம் மதுரையில் இன்னும் இருக்கிறது. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கிறது. பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மையைக் காட்டுகிறது. சித்திரை மாதத்து வெயில் 40 டிகிரிதான். ஓடும் எஞ்சினுக்குள் அதைவிட மிக அதிகமான சூடு இருப்பதை அறிந்துதான் தயாரிப்பாளர் அந்த எண்ணை முடிவு செய்திருக்கிறார். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதியின்படி செய்யப்பட்ட டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சாம்பல் குறைவாகத் தரும் ஆயிலைத்தான் அந்த வண்டிகளுக்கு ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய வகை டீசல் ஆயிலை ஊற்றினால் அந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

இரு சக்கர வாகனத்தில் கதை வேறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய்தான். கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் பொருட்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டருக்கு எம்பி வகை. ஸ்கூட்டரின் பின்சக்கரத்தருகே கியர் ஆயில் தனியாக இருப்பதைப் பல பட்டறைகள் மறந்துவிடுகின்றன. இன்னொன்று, பழைய ஆயிலை வடிப்பதற்காக எஞ்சினின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட். அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. நீளமான ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தையும் காட்டி இறுக்கினால் அலுமினியத்தின் மரை போய்விடும். மரை போனதை மறைக்க அதில் நூலையோ டேப்பையோ சுற்றிப் பூட்டி அனுப்பிவிட்டால், அடுத்த முறை கழற்றுகிறவர் தலையில் அந்தப் பழி விழும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்க முடியாத சிறிய பட்டறையிலும்கூட, செப்பு வாஷரைப் புதிதாகப் போட்டுக் குட்டை ஸ்பேனரால் அளவாக இறுக்கும் பக்குவமுள்ள கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாரண்டி போய்விடும் என்ற அச்சத்தில்தான் பலர் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அதே சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள். உதிரி பாகங்களும் தொழில்நுட்பத் தகவல்களும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப்பட்டறைக்குப் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தன. இதற்கிடையில் உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு.

சேவையில் குறை இருந்தால் கேட்பதற்கு இடம் இருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய இந்தச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. என் மாணவர் எடுத்த அந்த ஏழெட்டுப் படங்கள் இல்லாதிருந்தால், கல் அடித்த கதையே நிலைத்திருக்கும். ஆகவே ஜாப் கார்டு, பில், படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய ஃபில்டரைக் காட்டச் சொல்லி, அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் மாற்றிய வண்டியை வாசலைத் தாண்டி எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அன்று நான் அதைச் செய்யாமல் வந்துவிட்டேன். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல் குறியை ஒட்டி நிற்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. அன்றிரவு வீட்டில் வண்டி நிற்கும் இடத்தில், எஞ்சினுக்கு நேர் கீழே, பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் அதில் சொட்டு விழுந்திருந்தால் நெடும்பயணம் போகாதீர்கள். எனக்கு நேர்ந்ததுபோல, முதல் நாள் ஒரு சொட்டும் காட்டாமல் இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் கைவிடும் கசிவும் உண்டு என்பதால், முதல் இருபது முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிகிறது என்றால், பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரை ஓட்டலாம். இதற்கு அந்த அவகாசம் கிடையாது. வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும், விழாவுக்கு நேரமாகிவிட்டது என்றாலும், பின்னால் வரும் வண்டிகளுக்குச் சைகை காட்டி, பாதுகாப்பாக ஓரம் ஒதுங்கி, உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். சீர்த்தட்டுகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் அனுப்பினோம்.

வணக்கம்.