எத்தனைக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அப்பா ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். சலங்கையைப் பற்றவைக்கும்போது நெருப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. கொஞ்சம் அசந்தாலும் வெள்ளி உருகிவிடும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்காகவே அலமாரியில் ஒரு ரேடியோ உண்டு. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் தமிழ் வர்ணனையாளர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் அதிலிருந்து வரும். பட்டறையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் பந்து எந்தப் பக்கம் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். நேர்முக வர்ணனை என்ற தொழில் எனக்கு அறிமுகமானது அங்கேதான்.

பள்ளி முடித்ததும் ஊர் ஊராகக் கபடிப் போட்டிகளில் மைக் பிடித்தேன். ஓமலூர் பக்கம், தாரமங்கலம் பக்கம், எங்கே கூப்பிட்டாலும் போவேன். விடிய விடிய ஆட்டம் நடக்கும். முடிந்ததும் ஒரு துண்டு போர்த்துவார்கள், சாப்பாடு போடுவார்கள். அதன்பிறகு உள்ளூர் கேபிள் டிவி. பல வருடம் கழித்துத்தான் பெரிய சானல் ஒன்றில் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

டிவிக்குப் போன முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: "திரையில் தெரிவதைச் சொல்லாதே." கபடி பாடிப் போகிறவர் இடது மூலைக்கு நகர்வதைப் பார்க்கிறவரே பார்த்துக்கொள்வார். அவருக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். இது சரியான பாடம் என்றுதான் இன்றும் சொல்வேன். நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். குச்சியும் உயரமும் திரையில் இருந்தன. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பஸ் அவருடைய வலது காலை நசுக்கியதும், அவருடைய அம்மா காய்கறி விற்று அவரை வளர்த்ததும் எந்தக் கேமராவிலும் வராது. அதை வர்ணனையாளர்தான் கொண்டுவர வேண்டும். அதையும் அவர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

கபடியில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருவர் எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்புவதற்கு, முப்பது நொடிதான். யார் உள்ளே போகிறார், எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், போனஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் முதல் ஐந்து நொடிக்குள் சொல்லிவிட வேண்டும். போனஸ் என்பது எதிரணிப் பக்கத்தில் உள்ள போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் புள்ளி; ஆறு பேருக்குக் குறைவாக நின்றால் அது கிடையாது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்துப் போட்டால் சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு அந்த முப்பது நொடியும் வேறு மாதிரி இருக்கும். பிடி விழுந்ததும் பேச்சை நிறுத்த வேண்டும். உடம்புகள் மோதும் சத்தத்தையும் கூட்டத்தின் கூச்சலையும் விடப் பெரிய வார்த்தை நம்மிடம் இல்லை. இதற்கு நடுவில் காதில் மாட்டிய கருவி வழியாகத் தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார். விளம்பரத்துக்கு இன்னும் பத்து நொடி, ஒன்பது நொடி என்று எண்ணுவார். அதைக் கேட்டுக்கொண்டே, நம் குரலில் அது தெரியாமல் பேசப் பழக எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆனது.

முதல் ஆட்டம் முடிந்த இரவு அப்பா போன் செய்தார். பட்டறையில் இப்போது ரேடியோ இருந்த இடத்தில் டிவி இருந்தது. "கண்ணு, நல்லாத்தான் பேசுன. ஆனா நாங்க நெருப்புக்கு முன்னாடி உக்காந்திருக்கோம். எத்தனைக்கு எத்தனைன்னு ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புள்ளிகள் திரையின் மூலையில் எப்போதும் இருக்கின்றனவே என்று நான் சொல்லாமல் விட்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது: நம் ஊரில் டிவியைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். தறியில் இருப்பவர், அடுப்பங்கரையில் இருப்பவர், கண் தெரியாதவர், கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், எல்லோருமே நம் நேயர்கள்தான்.

பிறகு இந்தத் தொழிலின் முன்னோடிகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ரெட் பார்பர் என்று ஒரு வர்ணனையாளர் இருந்தார். 1939 ஆகஸ்ட் 26 அன்று புரூக்ளினில் நடந்த ஆட்டம்தான் பேஸ்பால் பெரிய லீகில் முதன்முதலாக டிவியில் வந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர் அவர். இரண்டே கேமரா. அவர் பார்க்க ஒரு திரைகூட இல்லை. எந்தக் கேமரா ஓடுகிறது என்று ஊகித்துத்தான் பேசினார். அதே மனிதர் ரேடியோவில் பேசும்போது பக்கத்தில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருப்பாராம். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பார். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவரும் ஆட்டத்துக்குள் வந்துவிட வேண்டும் என்ற அக்கறை அது. அவரிடம் தொழில் பழகிய வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் ஒரே அணியின் ஆட்டங்களை வர்ணித்தார். பேச்சை நிறுத்திக் கூட்டத்தைப் பேசவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சின்ன வயதில் வீட்டிலிருந்த பெரிய ரேடியோவுக்கு அடியில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு, கூட்டத்தின் ஆரவாரம் தன் மேல் வந்து விழுவதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் பட்டறை ஞாபகம் வந்தது.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இதில் மாதச் சம்பளம் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஆட்டக் கணக்குத்தான். சீசன் இல்லாத மாதங்களுக்கு வேறு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள். சேலம் காந்தி ஸ்டேடியத்திலோ வாழப்பாடி மைதானத்திலோ ஆட்டம் நடந்தால் போய் ஓரமாக உட்கார்ந்து, உங்கள் வர்ணனையைப் போனில் பதிவு செய்யுங்கள். வீரர்களின் பெயரையும் ஊரையும் அவரவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி அந்தப் பதிவை வீட்டில் வேலையாக இருக்கும் யாரிடமாவது போட்டுக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, இப்போது யார் முன்னால் இருக்கிறார்கள், எத்தனைக்கு எத்தனை என்று கேளுங்கள். அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் மறுநாள் திரும்பவும் மைதானத்துக்குப் போங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.