கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதிரை

தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, தொழில் திணைக்கள உத்தியோகத்தர்களே, முன்வரிசையில் இருக்கும் வர்த்தகப் பெருமக்களே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். ஒரு சதமும் வாங்காமல் மண்டபத்தைத் தந்த ஆலய பரிபாலன சபையினருக்கும், மத்தியானச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்த இளைஞர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

‘வேலைத்தலத்தில் ஊழியர் நலம்’ என்று தலைப்புத் தந்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம். அம்மா சொல்லிச் சொல்லி என் வாயிலும் ஒட்டிக்கொண்ட பழமொழி. அந்தச் சுவரைப் பற்றி மூன்று விடயம் பேச வந்தேன்: சாப்பாடு, மன அழுத்தம், ஓய்வு. மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன். நெஞ்சில் கிடப்பது அதுதான்.

தாதிப் பயிற்சிக்குப் போகுமுன் இரண்டு வருடம் திருகோணமலை நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் நின்றேன். ‘என்ன வேலை?’ என்று கேட்டால் நம்மூரில் ‘கடையில் நிற்கிறேன்’ என்றுதானே சொல்வோம்? அது வெறும் பேச்சில்லை. காலையில் நின்றால் இரவு கடை பூட்டும்வரை நின்றோம்.

தீபாவளிக்கு முந்திய கிழமை ஒரு ஆச்சி வந்தார், தம்பலகாமத்துக்காரி. வயல் வெட்டி வந்த காசு முந்தானையில் முடிந்திருந்தது. மருமகளுக்கு மாம்பழ நிறத்தில் சேலை வேண்டும். 14 சேலை விரித்தேன். ஒன்று கரை அகலம், ஒன்று வெளிறல், இன்னொன்றுக்கு ‘இது பழுத்த மாம்பழம் பிள்ளை, எனக்குச் செங்காய் நிறம் வேணும்’ என்றார். முதலாளி அவருக்கு ஒரு கதிரை போடச் சொன்னார். ஆச்சி இருக்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, ‘நீ இரு மகள். நீ இருந்தால்தான் நானும் ஆறுதலாப் பார்ப்பன்’ என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கூரையைப் பார்த்தார். ஆச்சி விடவில்லை. ‘ஏன் தம்பி, அவள் இருந்தால் சேலை சுருங்கிடுமோ?’ கடையே சிரித்தது. நான் இருந்தேன். ஒரு சேலைக்கு வந்தவர் மூன்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் அந்தக் கதிரை உள்ளறைக்குப் போய்விட்டது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். வருடக்கணக்கில் நின்றால் நாளங்கள் நீலமாகப் புடைத்துச் சுருளும். பிறகு வார்ட்டில் அப்படிப்பட்ட கால்களுக்குத்தான் நான் பண்டேஜ் சுற்றினேன். அப்புறம், கச்சான் காற்று கொதிக்கும் மாதங்களில் இன்னொரு கொடுமை: மலசலகூடம் இல்லாத கடைகளில் பிள்ளைகள் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம், ஐயாமாரே!

நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வகுத்திருக்கிறது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி, வேலை நேரத்தில் கதிரையில் இருக்கும் உரிமையை 2018இல் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அது 2021இல் வந்தது. நம் கடைகளில் கதிரை போட யாரும் சட்டப் புத்தகம் புரட்டத் தேவையில்லை, மனம் வந்தால் இன்றைக்கே போடலாம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். சரி, சாப்பாடும் மன அழுத்தமும் அடுத்த கூட்டத்துக்கு. வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முன்வரிசைப் பெருமக்கள் போகும்போது கடைப் பெயரையும், தீபாவளிக்கு முன் எத்தனை கதிரை போடுவீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவும் கட்டியிருக்கிறேன்.