எலித் தலைக்கு ஒரு சுருள்

நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது மேசையைப் பேனாவால் தட்டினேன், கேட்டிருக்கும். மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை தரும் அறையின் வாசலில் நின்றால் ஏறக்குறைய இந்தச் சத்தம்தான் வரும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய முறை இது. தலைமேல் ஒரு கம்பிச்சுருள். மின்தேக்கியில் சேர்த்த மின்சாரம் ஆயிரக்கணக்கான ஆம்பியராக அதில் ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் பாயும். மாறும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் மின்புலத்தை எழுப்ப, கைவிரல் தானாகத் துள்ளும்.

அப்போது நரம்பணுவுக்குள் என்ன நடக்கிறது? மனித மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால்தான் எலி. அதன் மூளை சுமார் 2 கிராம், நம்முடையது 1400. மனிதருக்கான எட்டு வடிவச் சுருளில் ஒரு வளையமே ஏழு சென்டிமீட்டர் இருக்கும். அதை எலிமேல் வைத்தால் பிடரி, தோள் எல்லாம் அதற்கடியில் வந்துவிடும். மூளையின் எந்தப் பகுதியைத் தூண்டினோம் என்று சொல்லவே முடியாது.

'சுருளைச் சிறிதாக்கினால் போயிற்று' என்று நானும் நினைத்தவன்தான். ஃபாரடே விதி விடாது. காந்தப்புலம் அதே வேகத்தில் மாறினாலும், வட்டத்தின் ஆரம் பாதியானால் அதன் விளிம்பில் எழும் மின்புலமும் பாதிதான். போதாக்குறைக்குச் சின்னச் சுருளின் புலம் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தேய்ந்துவிடும். ஈடுகட்ட மின்னோட்டத்தை ஏற்றவேண்டும். ஏற்றினால் கம்பி கொதிக்கும், அதோடு சுருளே தன்னை வெளியே தள்ளும். காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா; 2 டெஸ்லா புலத்தின் அழுத்தம் சுமார் 16 வளிமண்டலம். புலத்தை இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, 64. நான் முதலில் சுற்றிய சுருள் எபாக்ஸி பிசினோடு வெடித்து விரிந்தது. பிசினுக்குள் காற்றுக்குமிழி இருந்ததைக் கவனிக்காதது என் தப்புதான்.

நடுவில் இரும்பு வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், புலம் கூடும். ஆனால் 2 டெஸ்லாவை ஒட்டி இரும்பு நிறைவடைந்துவிடும். அதற்குமேல் அதனால் பெரிய உதவியில்லை. சிலர் நரம்பணுவை உடனே சமிக்ஞை அனுப்பவைக்கும் ஆசையையே விட்டு, சில மில்லி டெஸ்லாவில் மென்மையான தூண்டலை ஆராய்கிறார்கள். அது வேறு கேள்வி, ஆனால் நேர்மையான கேள்வி.

கடைசித் தலைவலி அந்த 'டக்'தான். எலியின் காதுக்கு நமக்கு எட்டாத மீயொலியும் கேட்கும். அது துள்ளியது புலத்தாலா, சத்தத்தாலா? பிரித்தறிய ஒரு போலிச் சுருள் வேண்டும். இரண்டு சுற்றுகளில் மின்சாரத்தை எதிரெதிராக ஓட்டினால் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சத்தம் மட்டும் மிஞ்சும். போன மாதம் முழுக்க நான் செய்துகொண்டிருந்தது அந்த ஒன்றுக்கும் உதவாத சுருளைத்தான்.