யானிஸ் சாரூகிஸ்: மாலுமியை வரைந்த கிரேக்கர்

நண்பர்களே, வணக்கம்.

1952ல் ஏதென்ஸ் நகரின் ஸாப்பியோன் மண்டபத்தில் 'அர்மோஸ்' என்ற ஓவியர் குழுவின் கண்காட்சி நடந்தது. அங்கே மாட்டியிருந்த ஒரு படத்தில் ஒரு மாலுமி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னோர் ஆண் உடையில்லாமல் படுத்திருக்கிறார். படத்தில் வேறு சம்பவம் எதுவும் இல்லை. ஆனாலும் கடற்படைக்கு இது அவமானம் என்று எதிர்ப்பு கிளம்பி, படத்தைக் கழற்றிவிட்டார்கள். வரைந்தவர் யானிஸ் சாரூகிஸ். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏதென்ஸ் அருங்காட்சியகங்களில் நிர்வாண ஆண் சிலைகளுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். அந்த உடம்பெல்லாம் பெருமைக்குரிய பாரம்பரியம். அதே உடம்பு சீருடை போட்ட ஒரு மாலுமியின் பக்கத்தில் வந்து படுத்ததும் அவமானமாகிவிட்டது. செத்துப்போன காலத்தின் ஆசைக்கு மரியாதை கொடுத்தவர்களுக்கு, உயிரோடு இருப்பவனின் ஆசை பொறுக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1951ல், தன்பால் உறவைக் குற்றம் என்று சொல்லும் சட்டத்தை கிரேக்கம் கைவிட்டிருந்தது.

சாரூகிஸ் பிறந்தது 1910ல், பிரேயஸ் துறைமுகத்தில். மாலுமிகள் அவருக்குக் கற்பனை இல்லை; ஊரில் தினமும் கண்ணில் பட்டவர்கள். ஏதென்ஸ் கவின்கலைப் பள்ளியில் படித்தார். ஆனால் கையைப் பழக்கியவர் என்றால் ஃபோடிஸ் கோன்டோக்லூவைத்தான் சொல்லவேண்டும். ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து, அகதியாக வந்தவர் அவர், ஆழ்ந்த பக்திமான், கிழக்குத் திருச்சபைகளில் புனிதர்களை வரையும் பழைய முறையான பைசாந்திய திருவுருவ ஓவியத்தை மீட்டெடுக்கப் பாடுபட்டவர். 1932ல் அவருடைய வீட்டுச் சுவர்களில் ஓவியம் தீட்டியபோது சாரூகிஸும் கூட இருந்து வேலை செய்தார்.

அந்த முறையை ஒரு நிமிடம் விளக்குகிறேன். முகத்தை முதலில் கருமையான மண் நிறத்தில் நிரப்பிவிடுவார்கள். அதன்மேல் ஒவ்வொரு பூச்சாக வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே வருவார்கள்: நெற்றி, மூக்குத் தண்டு, கன்னத்து மேடு. நிழலை வரைவது என்ற பேச்சே கிடையாது, இருட்டிலிருந்து முகம் எழுந்து வரும். புனிதர்களுக்கென்று வைத்திருந்த இந்த மரியாதையைச் சாரூகிஸ் கொண்டுபோய்ப் படைவீரனுக்கும் மாலுமிக்கும் காபிக்கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கும் கொடுத்தார். அவர்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கெஞ்சவில்லை, ஒளியவும் இல்லை. அவருடைய ஆகப்பெரிய துணிச்சல் இதுதான் என்பது என் எண்ணம், நிர்வாணம்கூட இரண்டாவதுதான்.

அப்புறம் காராகியோசிஸ், அதாவது கிரேக்கத்தின் நிழற்பாவைக் கூத்து. நம் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். படித்த கூட்டம் மட்டமாக நினைத்த அந்தக் கலையின் கலைஞர் சோதிரிஸ் ஸ்பாதாரிஸிடம் சாரூகிஸ் போய்ப் பழகினார். கூத்துக்காரர்கள் திரைச்சீலை எழுதுவதுபோலப் பொடி வண்ணத்தைப் பசையில் கலந்து தீட்டினார். 1936ல் வரைந்த ஒரு படம் இருக்கிறது. மடிப்பு மடிப்பான வெள்ளை ஃபுஸ்தனெல்லா பாவாடை உடுத்தி, கிரேக்கப் படையின் எவ்சோன் காவலன் வேடம் போட்ட ஒருவன் சைக்கிள் ஓட்டிப் போகிறான். வலப்பக்கம் ஒரு கோயில். தேசத்தின் வீர உடை, பழைய கோயில், புதுச் சைக்கிள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள். கிரேக்கத் தன்மையும் ஆண்மையும் உடுத்திக்கொள்ளும் வேடங்கள்தானே என்று அந்தப் படம் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதில் கேலி இல்லை, அந்த உடைமேல் அவருக்கு உண்மையான பிரியம் இருக்கிறது.

மேடைக்கும் நிறையச் செய்தார். 1958ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பாடகி மரியா காலஸ் நடித்த 'மெடியா' இசைநாடகத்துக்கு அரங்கமும் உடைகளும் அவருடையவை. 1967ல் ராணுவ ஆட்சி வந்ததும் பாரிஸுக்குப் போய்விட்டார். 1989ல் ஏதென்ஸில் காலமானார்.

2024 பிப்ரவரியில் கிரேக்க நாடாளுமன்றம் தன்பால் திருமணத்தை 176 வாக்குகளோடு ஏற்றது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் இதுவே முதல்முறை. திருச்சபை கடைசிவரை எதிர்த்தது. பால்புதுமையரைப் பார்த்து 'இது நம் பண்பாடே இல்லை, வெளியிலிருந்து வந்தது' என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சாரூகிஸின் மாலுமிகளிடம் இருப்பது திருச்சபையின் சொந்தத் தூரிகை முறை. அவரைக் கிரேக்கத்திலிருந்து பிரித்தெடுக்கப் பார்ப்பவர்கள், திருவுருவ மரபிலிருந்தும் நிழற்பாவைக் கூத்திலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுக்கவேண்டியிருக்கும்.

ஏதென்ஸின் வடபுறம் மரூசியில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1981ல் அவரே அமைத்த அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் அக்ரோபோலிஸோடு திரும்பிவிடாதீர்கள். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஒரு காலைப்பொழுதை அங்கே செலவிடுங்கள்.