கம்பனி, கூட்டுத்தாபனம், சங்கம்: பெயருக்குப் பின்னால் நிற்பவர் யார்?

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணிகம் பயிலும் மாணவர்களே,

பெரிய வணிக அமைப்புகளை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம், அந்தச் சொல்லுக்குப் பின்னால் உடைமையும் பொறுப்பும் யாரிடம் இருக்கின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதில் யாழ்ப்பாணத்தாருக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள், 1602 இல் பங்கு முதல் திரட்டி அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையினர். 1795 இல் ஆங்கிலேயர் வரும்வரை இங்கே வரி வாங்கியதும் யானை விற்றதும் நீதி வழங்கியதும் அந்தக் கம்பனியே. நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துப் பேசப்படும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707 இல் எழுத்தில் தொகுத்தவரும் அதன் அதிகாரி ஒருவர்தான்.

கூட்டாக வணிகம் செய்வதை ஒல்லாந்தர் நமக்குக் கற்றுத்தரவில்லை. பதவியாவிலும் வாகல்கடவிலும் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கணத்தைக் குறிப்பிடுகின்றன. ஆயினும் அதனைப் பழந்தமிழர் கம்பனி என்று பெருமையோடு எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. கணம் என்பது ஆட்களின் கூட்டம். கம்பனி என்பது ஆட்களிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு சட்ட ஆள், அதாவது சட்டம் தனியோர் ஆளாக மதிக்கும் அமைப்பு. பங்குதாரர் இறந்தாலும் அது இறவாது. அது பட்ட கடனுக்குப் பங்குதாரர் தாம் பங்குக்கு ஒப்புக்கொண்ட பணத்துக்கு மேல் பொறுப்பாவதில்லை. ‘வரையறுத்த’ என்ற அடைமொழி சொல்வது இதைத்தான். நம் கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் ‘லிமிற்றட்’ என்று கண்டதும் பெரிய இடம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கடன் கொடுப்பவருக்குச் சட்டம் விடுக்கும் எச்சரிக்கை.

கூட்டுத்தாபனம் வேறு. 1957 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டத்தின் பின்னர் இச்சொல் இலங்கைத் தமிழில் அரச உடைமையின் பெயராகவே நிலைத்துவிட்டது. சீமெந்துக் கூட்டுத்தாபனம், பெற்றோலியக் கூட்டுத்தாபனம் என்று சொல்லும்போது உரிமையாளர் அரசு என்பது எவருக்கும் விளங்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடப்படும்வரை, அங்கே வேலை என்றால் அரசாங்க உத்தியோகத்துக்கு அடுத்த மதிப்பு இருந்தது. தமிழ்நாட்டார் இதே வகை அமைப்பைக் கழகம் என்கின்றனர். நமக்கோ கழகம் என்றால் ஊர் மைதானத்து விளையாட்டுக்கழகம் நினைவுக்கு வரும். சென்னைப் பேச்சில் ‘கார்ப்பரேஷன்’ மாநகராட்சியைக் குறிக்க, ‘கார்ப்பரேட்’ தனியார் பெருமுதலைக் குறிக்கிறது. தொலைக்காட்சி வழியாக இச்சொற்கள் நம் இளைஞரிடம் வந்து சேரும்போது, அரசுக்கு உரியதும் தனியாருக்கு உரியதும் கலங்கிப்போகின்றன.

சொல் மாறும் இடத்தில் உடைமை மாறுகிறது என்பதற்கு நம் வீட்டுத் தொலைபேசியே சான்று. அது முதலில் திணைக்களத்திடம் இருந்தது. 1991 இல் கூட்டுத்தாபனத்திடம் போனது. 1996 இல் கம்பனியாயிற்று. மறு ஆண்டே ஜப்பானியக் கம்பனியொன்று 35 வீதப் பங்கை வாங்கியது. வீட்டுக்கு வந்த கம்பி ஒன்றுதான்.

சங்கத்தை இவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாது. நம் ஊர்களில் சங்கக்கடை என்றால் கூட்டுறவுச் சங்கத்தின் கடை என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குத்தான். கம்பனியில் பொதுவாகப் பங்குக்கு ஒரு வாக்கு. பெரும்பங்கு வைத்திருப்பவர் சொல்வதே தீர்மானம்.

இத்தனை வேறுபாட்டையும் நமது செய்தியாளர் ‘தனியார் நிறுவனம்’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றனர். இது என்னை மிகவும் வருத்துகிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியின் பெயர் ‘பி.எல்.சி.’ என்று முடியவேண்டும். தனியார் கம்பனி ‘பிறைவேற் லிமிற்றட்’ என்று முடியும், அது தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முடியாது. பதிவிலக்கமும் பேசும்: ‘பி.வி.’ என்று தொடங்கினால் தனியார், ‘பி.கியூ.’ என்றால் பட்டியலிடப்பட்டது, ‘ஜி.ஏ.’ என்றால் உத்தரவாதத்தால் வரையறுத்தது, அதாவது உறுப்பினர் தருவதாக உறுதியளித்த தொகையோடு அவர் பொறுப்பு நின்றுவிடும். இந்த மூன்றாம் வகையில் தொண்டு அமைப்புகளும் உண்டு. ஆகையால் கம்பனி என்றாலே இலாபம் என்றும் கொள்வதற்கில்லை.

குழுமம் என்ற சொல்லில்தான் சாதாரண மக்கள் அதிகம் இடறுகின்றனர். குழுமம் ஒரு சட்ட ஆள் அன்று. தாய்க் கம்பனி ஒன்றும் அதன் கீழ் பல துணைக் கம்பனிகளும் சேர்ந்த தொகுதி. விளம்பரத்தில் குழுமத்தின் பெயர் பெரிதாக இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் எடுப்பவர் கையொப்பமிடுவதோ துணைக் கம்பனியொன்றின் தாளில். பிணக்கு வந்தால் வழக்குப் பொதுவாக அந்தத் துணைக் கம்பனிமேல்தான். தாய்க் கம்பனியின் சொத்து எளிதில் பிணை நிற்காது. எனவே ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில் எந்தப் பெயர், எந்தப் பதிவிலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைக் கையொப்பமிடுவதற்கு முன்னரே பாருங்கள். பணம் கட்டும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் அதே பெயர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.