மரியாதை விழுங்கிய 'நீ'

நேயர்களுக்கு வணக்கம். "இங்கிலீஷ்ல மரியாதையே கிடையாது, தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே யூ தான்" என்று நம்மூரில் சொல்வதுண்டு. நடந்தது நேர்மாறானது. ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது 'நீ'. மிஞ்சியிருப்பது 'நீங்கள்'.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரை விளிக்க 'தௌ' இருந்தது. பலரென்றால் 'யீ'. அதுவே செயப்படுபொருளாக வரும்போது 'யூ'. அதாவது 'யீ' நம் 'நீங்கள்' என்றால், 'யூ' நம் 'உங்களை'. நாளடைவில் எழுவாய்க்கும் 'யூ'வே போதுமென்றாகிவிட்டது. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிற்பாடு பிரெஞ்சு வழக்கைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையே பன்மையில் அழைப்பதும் பரவியது. தமிழில் பன்மையாக இருந்த 'நீர்' ஒருவருக்கான மரியாதைச் சொல் ஆனதும் இதே போக்கில்தான்.

அப்புறம் 'தௌ'வின் மதிப்பு இறங்கியது. குழந்தை, வேலைக்காரர், நெருங்கியவர், கடவுள் என்று அது சுருங்கிற்று. சமமானவரிடம் சொன்னால் அவமதிப்பு. 1603இல் ஆங்கிலக் கடலோடி சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், 'துரோகியே, உன்னை தௌ என்றுதான் சொல்வேன்' என்ற பொருளில், அந்தச் சொல்லையே வினைச்சொல்லாக்கித் திட்டினார். நாம் 'வாடா போடா என்கிறான்' என்று சொல்வோமே, அந்தச் சூடு.

அதே நூற்றாண்டின் நடுவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஏழை, பணக்காரர், நீதிபதி யாரானாலும் ஒருமையில்தான் பேசினார்கள். கடவுள் முன் எல்லோரும் சமம், ஆகவே ஓர் ஆளுக்கு ஒருமை, அவ்வளவுதான். நியாயம் அவர்கள் பக்கம், இலக்கணமும் அவர்கள் பக்கம். கிடைத்ததோ வசவும் அடியும். 1660இல் ஃபாக்ஸ், தோழர்களோடு சேர்ந்து பல மொழிகளின் ஒருமை பன்மையைக் காட்டி ஒரு புத்தகமே போட்டார். ஊர் அசையவில்லை. ஊரார் எல்லோருக்கும் 'நீங்கள்' கொடுத்து ஒரு விதமான சமத்துவத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

1611இல் வந்த ஆங்கில பைபிள் கடவுளை 'தௌ' என்றே அழைக்கிறது. அன்று அது வெறும் ஒருமை. இன்று கேட்பவருக்கு அதுவே கம்பீரமாகத் தோன்றுகிறது! தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'நீர்' இருக்கிறது. நம் பக்திப் பாடல்கள் கூசாமல் 'நீ' என்கின்றன.

சரி, ஒருவருக்கும் பலருக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம் வராதா? வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரிடம் பேசும்போது ஒருமை வினையைச் சேர்த்து 'யூ வாஸ்' என்றார்கள். ராபர்ட் லௌத் 1762இல் தம் இலக்கண நூலில் அது தவறு என்று அடித்துச் சொன்னார். பள்ளி இலக்கணத்தில் ஒரே ஆளுக்கும் பன்மை வினைதான் இன்றுவரை. ஆனால் பேச்சுமொழி சும்மா இருக்குமா? அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'யால்', பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்', அயர்லாந்தில் பழைய 'யீ' என்று ஆளாளுக்கு ஒரு பன்மை வைத்திருக்கிறார்கள். பள்ளி இலக்கணம் இவற்றை இன்னும் வாசலில்தான் நிறுத்தியிருக்கிறது.